அறுபத்தொரு புள்ளி

போன மாதம் ரேடியோ ஸ்டூடியோவில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றபோது நீங்கள் மூன்று பேரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அங்கிள், எங்கட ஃபூட்டி நிகழ்ச்சியில ஆருக்கும் புள்ளி போடக்கூடாது எண்டு ஒரு சட்டம் இருக்காம். ஆர் போட்ட சட்டம் அது?" நான் சிரித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி நழுவிவிட்டேன். பொய். இந்த நகரத்தில் அரைவாசி ஆயுள் பஸ் ஓட்டியவனுக்கு அடுத்த பஸ் எப்போது வரும் என்று தெரியாதா? முக்கால் மணித்தியாலம் தரிப்பிடத்தில் குந்திக்கொண்டு இருந்தேன்.

சட்டம் போட்டவன் நான்தான். ஏன் போட்டேன் என்பதை மைக்கில் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது ஓய்வு பெற்றாயிற்று. மைக்கும் உங்கள் கையில். அதனால் எழுதித் தருகிறேன். வாசித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினையுங்கள்.

பந்தைக் கையால் பிடித்துக் காலால் உதைக்கிற இந்த நாட்டு ஃபூட்டியை நான் படித்தது பஸ்ஸில்தான். சனிக்கிழமை காலையில் எங்கள் தமிழ் நிகழ்ச்சி, மத்தியானத்தில் பஸ். ஆட்டம் முடிந்து ஏறுகிற சனம் முழு ஆட்டத்தையும் என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தடவை விளையாடிக் காட்டும். கழுத்தில் கழகத்துச் சால்வை சுற்றிய ஒரு கிழவி எப்போதும் முன் சீட்டில்தான் இருப்பார். ஒரு நாள் சொன்னார்: "தோற்ற நாளில்தான் பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்கும், டிரைவர். வென்றவர்கள் பாடிக்கொண்டு நடந்தே போய்விடுவார்கள்." இப்படிச் சனம் சொன்னவற்றை எல்லாம் சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஒரு கொப்பியில் எழுதிவைப்பேன். என் ஃபூட்டி அறிவு முழுவதும் அந்தக் கொப்பிதான்.

நிகழ்ச்சி தொடங்கிய புதிதில் நான் பந்தை மட்டுமே பார்த்தேன். பந்து இந்தப் பக்கம் வந்தது, பந்து அந்தப் பக்கம் போனது, பந்து கம்பங்களுக்கு நடுவே போனது, கோலுக்கு ஆறு. இரண்டாவதோ மூன்றாவதோ கிழமை, நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு போன் வந்தது. பின்னால் பாத்திரங்கள் மோதுகிற சத்தம்.

"அண்ணை, பந்து எங்க நிக்குது எண்டு நல்லாச் சொல்லுறியள். மற்ற முப்பத்தஞ்சு பேரும் எங்க?"

"ஆர் கதைக்கிறது?"

"ஒரு குசினிக்காரன் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. சட்டி கரியுது, வைக்கிறன்."

அவர் பெயரை எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை, படகில் அகதியாக வந்தவர், விசா விஷயம் இழுபட்டுக்கொண்டே இருந்தது. இவ்வளவுதான் தெரியும். அவருடைய கடையில் சாப்பாடு கொடுக்கிற ஜன்னலுக்கு நேரே ஒரு டிவி. வாடிக்கையாளர்களுக்குப் பாட்டுப் போடுவதால் டிவியின் சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பார்கள். அவர் ஃபூட்டி பார்த்ததெல்லாம் அப்படித்தான். "வர்ணனை கேட்டால் கண் பந்துக்குப் பின்னால போகும் அண்ணை," என்பார். "சத்தமில்லாமப் பாத்தால் ஓடுறவன் தெரிவான்." சனிக்கிழமை தவறாமல் எடுப்பார். ஒரு நிமிடத்துக்கு மேல் கதைக்கமாட்டார். எனக்கு இந்தத் தொழிலைக் கற்பித்தவர் என்று யாரையாவது சொல்லவேண்டுமென்றால், முகமே பார்க்காத அந்த மனிதரைத்தான் சொல்வேன்.

இனி அந்த இரண்டு பிள்ளைகள்.

கார்த்திக், கபிலன். இருவரும் தென்கிழக்குப் பக்கத்துப் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஒன்றாக விளையாடியவர்கள். கார்த்திக்கின் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம். தாய்க்கும் தகப்பனுக்கும் மல்கிரேவில் கம்ப்யூட்டர் வேலை. கபிலனின் பெற்றோர் எங்கள் யாழ்ப்பாணத்து ஊர்ப் பக்கம். அப்பா டாண்டினோங்கில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வீடுகள் இரண்டும் நடை தூரம். ஒரே அணியில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள். அந்த வருடம் எங்கள் சனத்துக்கு இருந்த புளுகத்தையும் பெருமையையும் கேட்கவேண்டுமா? மைதானத்து வேலியில் இடியப்பப் பெட்டியோடு நின்று ஃபூட்டி பார்த்தது நாங்கள் மட்டுமாகத்தான் இருக்கும்.

கார்த்திக்கின் ஆட்டம் எவருக்கும் உடனே தெரியும். பந்து ஆகாயத்தில் நிற்கும்போதே கூட்டம் அவன் பெயரைச் சொல்லத் தொடங்கிவிடும். ஓடி வந்து, முன்னால் நிற்கிறவனின் முதுகில் முழங்காலை ஊன்றி எழும்பி, விரல் நுனியில் பந்தைப் பிடிப்பான். பிடித்துவிட்டு இறங்கும்போது ஒரு கணம் அங்கேயே தங்கிவிட்டான் போல இருக்கும். உதைத்தால் பந்து நேராக, வடிவாகச் சுழன்று, கிழவி சொன்னது மாதிரி "தபாலில் போட்டது போல" போய்ச் சேரும். துணிவு என்றால் துணிவு. நாலு பேர் விழுந்து கிடக்கிற குவியலுக்குள் தலையைக் குனிந்துகொண்டு போவான்.

கபிலனின் ஆட்டத்தைச் சொல்வதுதான் கஷ்டம். பந்து அவன் கையில் இருக்கிற நேரம் மிகக் குறைவு. நடுவர் பந்தை நிலத்தில் குத்தி ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன், வீதியைக் கடக்கப் போகிறவன் போல இரண்டு பக்கமும் பார்ப்பான். பிறகு எவருமில்லாத ஓர் இடத்துக்கு ஓடுவான். ஏன் அங்கே ஓடுகிறான் என்று எதிரணிக்காரனுக்கும் விளங்காது; ஆனாலும் விட்டுவிடப் பயந்து பின்னால் ஓடுவான். அவன் போனதும் அந்த இடம் வெறுமையாகும். அந்த வெறுமைக்குள்தான் கார்த்திக் ஓடி வந்து எழும்புவான். சனம் கார்த்திக்குக்குக் கை தட்டும். கபிலன் அதற்குள் இன்னோர் இடத்துக்கு ஓடிக்கொண்டிருப்பான். பந்து கைக்கு வந்தாலும் வைத்திருக்கமாட்டான். மடக்கிய கையால் ஒரு தட்டு, இடது காலால் தாழ்வாக ஒரு சின்ன உதை, அடுத்தவனின் நெஞ்சுக்கு நேரே. கொடுத்த பிறகு நின்று பார்க்கிற பழக்கமும் இல்லை.

பந்து எங்கே போகிறதோ அங்கே கார்த்திக் வருவான். கபிலன் எங்கே போகிறானோ, அங்கே பந்து வந்திருக்கவேண்டும்; பெரும்பாலும் வரவில்லை. இதை எனக்கு முதலில் காட்டித்தந்தவர் குசினிக்காரர்தான். அந்தப் பிள்ளைகளின் ஆட்டங்களை இன்டர்நெட்டில் காட்டுவார்கள். சோற்றுப் பானையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்ப்பாராம். "அண்ணை, அந்த இடதுகால்காரன் மற்றவைக்குக் கதவு திறந்துவிடுறான். தான் உள்ள போறதில்லை," என்றார். அதையும் கொப்பியில் எழுதினேன்.

எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது என்று காட்டத்தான் இவ்வளவும் சொல்கிறேன். தெரியாமல் செய்த பிழை அல்ல இது.

அந்த மார்கழியில் த பேசின் என்கிற இடத்துப் பிள்ளையார் கோயிலில், பூசை முடிந்து அன்னதான வரிசையில் நிற்கும்போது, ஒருவர் என்னை அடையாளம் கண்டு பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"சார், ரேடியோ சார்தானே? ஒண்ணு கேக்கட்டுமா? உங்க ப்ரோக்ராம்ல யாழ்ப்பாணத்துப் பசங்க மட்டும்தான் ஓடுறாங்களா? எங்க பசங்க நடக்கவாவது செய்றாங்களா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். "நடந்தாலும் சொல்லுவம் சார்," என்று பகிடியாக ஏதோ சொன்னேன். அவர் நல்ல மனிதர். என் தட்டில் இன்னொரு கரண்டி பொங்கலும் போடச் சொன்னார். ஆனால் வீடு வரும்வரை காருக்குள் அந்தச் சிரிப்பை நானே எனக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தேன். உண்மையாகவே என் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக நேரம் கொடுக்கிறேனா? இந்தியத் தமிழர் ரேடியோவை நிறுத்திவிடுவார்களா?

ஜனவரியில் ஃபூட்டி கிடையாது. ஆட்டம் இல்லாத மாதத்தில் ஃபூட்டி நிகழ்ச்சி நடத்துவதென்றால் ஏதாவது வித்தை காட்டவேண்டும். நான் காட்டிய வித்தை: போன வருட ஆட்டங்களை வைத்துக் கார்த்திக்கையும் கபிலனையும் ஒப்பிட்டு, பள்ளிக்கூடத்துச் சோதனை மாதிரிப் புள்ளி போடுவது. ஐந்து பாடம். உதை, பிடி, வேகம், துணிவு, மூளை. ஒவ்வொன்றுக்கும் இருபது. நம் சனத்துக்குப் புள்ளி என்றால் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளை கெட்டிக்காரன் என்றால் எத்தனை என்று கேட்போம். எத்தனை என்று சொன்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை என்று கேட்போம்.

வீட்டிலிருந்து வரும்போதே புள்ளிகளைக் கொப்பியில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தேன். கபிலனின் மூளைக்கு நான் எழுதியிருந்தது இருபதுக்கு இருபது. ஸ்டூடியோக் கதிரையில் இருந்து அதைப் பார்த்தபோது அன்னதான வரிசை ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தான் யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கு முழுப் புள்ளி போட்டான் என்று வருமே. அழித்தேன். பன்னிரண்டு என்று எழுதினேன். அழிக்கத் தொடங்கிய கை நிற்கவில்லை. மற்ற நான்கிலும் ஒன்று இரண்டு நறுக்கினேன். கார்த்திக்குக்குக் கொஞ்சம் ஏற்றினேன். மைக் திறந்தது. நல்ல உற்சாகமாக, மேளம் அடிக்கிற மாதிரி வாசித்தேன். கார்த்திக் எண்பத்தாறு. கபிலன் அறுபத்தொன்று.

என்னோடு நிகழ்ச்சி நடத்திய வசந்தியை உங்களுக்குத் தெரியும். மதுரைக்காரி, நர்ஸ் வேலை, ஒலிக் கலவை மேசையில் அவள் கை பட்டால் எந்தக் கரகரப்பும் அடங்கிவிடும். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு ஒரு விரலைக் காட்டினாள். ஒரு போன் வந்திருக்கிறது, நேரே மைக்குக்கு.

"வணக்கம் அண்ணை. நான் கபிலன்ர அப்பா கதைக்கிறன்."

"வணக்கம், சொல்லுங்கோ அண்ணை."

"பிழை பிடிக்க எடுக்கேல்லை. வேலைக்கு நடுவில நிண்டு கதைக்கிறன். ஒண்டு மட்டும் கேக்கோணும். பெடியனுக்குச் சிட்னியில கம்பஸ் கிடைச்சிருக்கு. எஞ்சினியரிங். அவன் என்னெண்டால், ஒரு வருசம் இஞ்ச நிண்டு விளையாடிப்போட்டுப் போறன், பெரிய கிளப்பிலயிருந்து பாக்க வருவினம் எண்டு நிக்கிறான். கம்பஸ் ஒரு வருசம் பொறுக்குமாம். தாய்க்காரி வேண்டாமாம். எனக்கு இந்த விளையாட்டு விளங்காது அண்ணை. நீங்கள் விளங்கின மனிசன். அறுபத்தொண்டு எண்டால், மறிக்கிறதோ, விடுறதோ?"

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் கொஞ்சம் நில்லுங்கள்.

ஒரு மனிதர் தன் மகனின் ஒரு வருடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்திருக்கிறார். நான் அழித்து எழுதிய ஒரு கணக்கை நம்பி. கொப்பி என் முன்னால் விரிந்து கிடக்கிறது. அழித்த இருபது மேசை விளக்கின் வெளிச்சத்தில் தெரிகிறது. வசந்தி பத்து விரலையும் காட்டுகிறாள். பத்து விநாடியில் செய்தி. பத்து, ஒன்பது என்று விரல்கள் மடங்குகின்றன. மைக்கில் மௌனம் வந்தால் ஏதோ குற்றம் செய்துவிட்டதாக எங்களுக்கு ஒரு பயம் உண்டல்லவா? எனக்கு அன்று அந்த மௌனம் மட்டும்தான் பயமாக இருந்தது.

"படிப்பைப் பாக்கச் சொல்லுங்கோ அண்ணை," என்றேன். "விளையாட்டு எங்க போனாலும் விளையாடலாம்."

"அதுதானே. சரி அண்ணை. பெரிய உதவி. இனி வீட்டில சண்டை இல்லை."

செய்தி வந்தது.

எத்தனையோ வழி இருந்தது. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு பாட்டைப் போடுகிறேன், லைனில் நில்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் புள்ளி சரியில்லை என்றே சொல்லியிருக்கலாம். அதற்கு மூன்று விநாடி போதும், எண்ணிப் பார்த்திருக்கிறேன். பிறகு அந்தப் பத்து விநாடியை நான் எத்தனை தடவை திரும்ப நடத்தியிருப்பேன் என்று நீங்கள் நம்பமாட்டீர்கள். டாண்டினோங் வீதியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஒரு தடவை.

நிகழ்ச்சி முடிந்ததும் வசந்தி ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அண்ணா, அந்தப் பையனுக்கு மூளைக்குப் பன்னெண்டா? நீங்கதானே போன மாசம் அவன் மூளையப் பத்தி அரை மணி நேரம் பேசுனீங்க?"

"இல்லை, ஒப்பிட்டுப் பாக்கேக்க..."

"எங்க ஆளுன்னு கார்த்திக்குக்குக் கூட்டிப் போட்டீங்களா?" என்றாள். நான் கொப்பியை மூடினேன். "நாங்க கேட்டோமாண்ணா? யாராவது ஒருத்தர் கேட்டோமா?"

கோயில் வரிசையைச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அவரு பொங்கலுக்கு நின்னுக்கிட்டு ஒரு ஜோக் சொல்லியிருக்காரு. அதுக்குப் போயி!"

அப்போது போன் அடித்தது. பாத்திரச் சத்தம். குசினிக்காரர் அன்று பகிடி விடவில்லை.

"அண்ணை, நீங்கள் பந்தைப் பாத்துப் புள்ளி போட்டிருந்தால் மன்னிக்கலாம். உங்களுக்குக் கண் அவ்வளவுதான் எண்டு விடலாம். நீங்கள் ரேடியோ கேக்கிற ஆக்களின்ர முகத்தைப் பாத்தெல்லோ புள்ளி போட்டனீங்கள்."

"என்ன செய்யலாம் எண்டு சொல்லுங்கோ."

"நான் குசினியில நிக்கிறன் அண்ணை. மைக் உங்களிட்டத்தானே இருக்கு."

நடுநிலை என்று நான் அன்று நினைத்தது வெறும் பயம். எங்கள் நிகழ்ச்சியை யாழ்ப்பாணமும் கேட்கும், மதுரையும் கேட்கும், மட்டக்களப்பும் கேட்கும். ஒரு பக்கம் சாய்ந்துவிடக்கூடாது என்று உங்களுக்கும் கை நடுங்கும். நடுங்கட்டும். ஆனால் அந்த நடுக்கத்துக்குச் சொந்தப் பிள்ளையை வெட்டிக் கொடுப்பதும் சாய்வுதான். அதை மற்றப் பக்கத்தில் எவரும் கேட்கவும் இல்லை.

நான் அடுத்துச் செய்தது இன்னொரு பிழை. மைக்கில் செய்ததைத் திருத்த வீட்டுக்குப் போனேன். வியாழக்கிழமை பின்னேரம், மல்கிரேவில் அவர்களுடைய வீடு. வாசலில் ஒரு பெரிய சூட்கேஸ், புதிதாக வாங்கியது, ஒட்டியிருந்த விலைத்துண்டு கூடக் கிழிக்கவில்லை. கபிலன் கதவைத் திறந்தான். மைதானத்தில் பார்த்ததைவிட உயரமாக இருந்தான்.

"தம்பி, நான் அண்டைக்கு ரேடியோவில..."

"இட்ஸ் ஓகே அங்கிள்," என்றான். சிரித்தான். "அப்பா ஹாப்பி. அம்மா ஹாப்பி. ஆல் குட்."

அவனுடைய சந்தோசத்தை அவன் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். கதிரையை இழுத்துப் போட்டார்கள், தேநீர் வந்தது. நான் தகப்பனிடம் சொன்னேன்: "அண்ணை, நான் சொன்ன புள்ளி பிழை. இவன் ஒரு வருசம் நிண்டு விளையாடலாம். இவன்ர ஆட்டம் லேசில பிடிபடுற ஆட்டம் இல்லை. பிடிபட்டால் பிறகு..."

அவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. ரேடியோவில ஊருக்கே சொன்னதை வீட்டில வந்து எங்களுக்கு மட்டும் மாத்தாதேங்கோ. இண்டைக்கு எங்கட மனம் நோகக்கூடாது எண்டு சொல்லுறியள். நீங்கள் நல்ல மனிசன். அண்டைக்குச் சொன்னதுதான் உண்மை."

என் உண்மையை நான் இரக்கம் ஆக்கிவிட்டேன். பொய்யை ஊருக்கே கேட்க வாசித்திருந்தேன், அதுதான் நின்றது. அடுத்த சனிக்கிழமை நான் மைக்கிலேயே சொல்லியிருக்கவேண்டும். கொப்பியைக்கூட எடுத்துக்கொண்டு போனேன். மைக் திறந்ததும், "இனிமேல் எங்கள் நிகழ்ச்சியில் எவருக்கும் புள்ளி போடமாட்டோம்," என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. எல்லோரும் அதை ஒரு பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் போன் எடுத்துப் பாராட்டினார்கள். அன்று குசினிக்காரர் எடுக்கவில்லை. அதற்கு அடுத்த கிழமையும் இல்லை. கோபமா, கடை மாறினாரா, விசா என்ன ஆனது, எதுவும் தெரியாது. வருடங்கள் போய்விட்டன. நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் போனுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் சும்மா நிற்கிற பழக்கம் கடைசி நாள்வரை எனக்கு இருந்தது. நீங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். காரணம் இதுதான்.

கபிலன் சிட்னிக்குப் போனான். கார்த்திக்கை அந்த வருடக் கடைசியில் ஒரு பெரிய கழகம் எடுத்தது. எங்கள் சனம் பட்டாசு கொளுத்தாத குறை. ஆனால் முதல் இரண்டு பருவமும் அவனுக்குச் சரிவரவில்லை; பாதி ஆட்டம் வெளியில் இருந்தான். மூன்றாவது வருடம் ஸ்டூடியோவுக்கு வந்தான், பேட்டிக்கு. மைக் மூடிய பிறகு தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னான்:

"அங்கிள், நான் ரொம்ப ஃபாஸ்ட்னு எல்லாரும் சொல்லுவாங்கல்ல? அங்க போனப்புறம்தான் தெரிஞ்சுது. இங்க எனக்கு முன்னாடி எப்பவும் இடம் காலியா இருக்கும். அது ஏன் காலியா இருந்துச்சுன்னு நான் யோசிச்சதே இல்ல." கொஞ்சம் நிறுத்தினான். "கபி இல்லாம நான் அவ்வளவு ஃபாஸ்ட் இல்ல அங்கிள்."

அதற்குப் பிறகு எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் என் கண் ஒன்றைத் தேடும். பெரிய மைதானம், பெரிய கூட்டம், பெரிய பெயர்கள். பந்து வீழ்வதற்கு முன் வீதியைக் கடக்கிறவன் போல இரண்டு பக்கமும் பார்க்கிற ஒருவன். இல்லை. கெட்டிக்காரர் எத்தனையோ பேர் வந்தார்கள். அந்த ஓட்டம் மட்டும் இல்லை. டிவியின் சத்தத்தை நிறுத்தியும் பார்த்தேன்.

இந்த வருடம் என் தங்கையைப் பார்க்கச் சிட்னியில் வென்ட்வேர்த்வில்லுக்குப் போகவேண்டி வந்தது. போவதற்கு முன், கபிலனின் அப்பாவைத் தமிழ்க் கடையில் மரக்கறி பொறுக்கும்போது கண்டேன். எங்களுக்குள் ஒரு மனக்கசப்பும் இல்லை. அவரைப் பொறுத்தவரை நான் அந்த வீட்டுக்கு நல்லது செய்த மனிதன்.

"சிட்னிக்கோ அண்ணை? கபிலன் அங்கதானே. ரோட்டு லைட்டுகளுக்கு நேரம் கணக்குப் போடுற வேலை. எந்தப் பக்கம் எப்ப விடுறது எண்டு." பெருமையாகச் சொன்னார். பிறகு கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "சனிக்கிழமையில எங்கயோ விளையாடுறவனாம். எங்களுக்கு ஒண்டும் சொல்லுறேல்லை. ஒருக்காப் போய்ப் பாத்திட்டு எனக்குச் சொல்லுங்கோவன். எப்பிடி விளையாடுறான் எண்டு."

மறுபடியும் அதே மனிதர், அதே கேள்வி.

போனேன். சிட்னியில் ஃபூட்டிக்கு அவ்வளவு மதிப்பில்லை. அங்கே வேறு ஆட்டம். ஒரு பூங்காவின் நடுவில் கிரிக்கெட் ஆடுகளத்தை மண் போட்டு மூடியிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் இருபது பேர் இருக்கலாம், ஒரு நாயும். கபிலனுக்கு முன் தலையில் முடி கொஞ்சம் கொட்டியிருந்தது. நடுவர் பந்தைக் கையில் எடுத்தார். அவன் இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான்.

நான் வேலிக்குக் கிட்டப் போய் நின்றேன்.

நான் கொப்பி கொண்டுபோகவில்லை. முதல் கால்வாசி ஆட்டம் முழுவதும் பந்தை ஒரு தடவையும் பார்க்கவில்லை. அவனை மட்டும் பார்த்தேன். ஓடினான். வெறுமையான ஓர் இடத்தில் போய் நின்று கையை உயர்த்தினான். அவனுடைய ஆட்கள் கண்டுகொள்ளவில்லை. கனமான உடம்பும் நல்ல மனமும் உள்ள சனிக்கிழமை ஆட்கள். பந்தைக் கண்டால் எல்லோரும் அதன்மேல் விழுவார்கள். திறந்துவிட்ட கதவுக்குள் வர எவருமில்லை. அவன் கையை இறக்கினான். வேறு இடத்துக்கு ஓடினான். மறுபடி கை.

என்னை அறியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "டேய், அவன் தனிய நிக்கிறானடா! அங்க குடுங்கோடா!"

நாய் திரும்பிப் பார்த்தது. பதினெட்டும் பதினெட்டுமாக முப்பத்தாறு பேரில் ஒருவன் மட்டும் திரும்பிப் பார்த்தான். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து யாரென்று பார்த்தான். சிரித்தான். பிறகு மறுபடி ஓடத் தொடங்கினான்.

ரயிலில் திரும்பும்போது அவனுடைய அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"பாத்தியளோ அண்ணை? எப்பிடி? எத்தினை போடுவியள் இப்ப?"

"புள்ளி நான் போடுறேல்லை அண்ணை. கண்டதைச் சொல்லுறன், கேளுங்கோ." அந்த அறுபத்தொன்று எப்படி வந்தது என்பதில் தொடங்கினேன். அழித்த இருபதைச் சொன்னேன், அன்னதான வரிசையைச் சொன்னேன். பிறகு இன்றைய ஆட்டத்தைச் சொன்னேன். எங்கே நின்றான், எந்தப் பக்கம் பார்த்தான், எப்போது ஓடினான், எங்கே கை தூக்கினான். ரயில் பரமட்டா நிலையத்தைத் தாண்டியதும் தெரியவில்லை. வர்ணனை என்று நான் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான். கேட்டது ஒரே ஒருவர்.

அவர் கனநேரம் பேசாமல் இருந்தார். மைக்கில் என்றால் நான் பயந்திருப்பேன். இம்முறை பொறுத்திருந்தேன்.

"அப்ப, கையைத் தூக்கிக்கொண்டு நிண்டவனோ?"

"ஓம்."

"பந்து வரேல்லையோ?"

"வரேல்லை அண்ணை."

"பிறகு?"

"பிறகும் ஓடினவன்."